ஷிப்ட் மாறும் ஊரில் ஒரு பள்ளி

அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் போகக் கூடாது, பதில் எழுதும் இடம் தாராளமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தேன். மத்திய அரசின் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவளுக்கு, ஒழுங்காகக் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு எளிதில் போவதில்லை.

ஓய்வுக்குப் பிறகு இந்தத் தெலுங்கு நகரத்தின் மல்காஜ்கிரிப் பகுதியில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஊருக்குப் போய்வரத் தொடங்கினோம். பட்டான்செருவைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பிச் சற்றுத் தூரம் போனால் வரும் ஊர். எங்களில் ஒருவர் ரயில்வேயில் ஓட்டுநர்களுக்கு வேலை நேரம் ஒதுக்கும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பதால் பேச்சில் பாதி தக்கினி உருது கலந்திருக்கும். மனை வாங்குவதற்காக அந்த ஊருக்குப் போனவர், மனை பிடிக்காமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நிலமெல்லாம் கல் நட்டு வித்துட்டாங்கக்கா. வயசுப் பசங்கல்லாம் ஃபாக்டரிக்குப் போயாச்சு. பள்ளிக்கூடம் ஒண்ணுதான் ஊர் மாதிரி இருக்கு. அதையும் மூடிடுவாங்கன்னு சொல்றாங்க" என்றார். அப்படித்தான் நாங்கள் போனோம்.

இரண்டு வகுப்பறைகள், நீண்ட தாழ்வாரம், ஒரு வேப்பமரம், சுற்றுச்சுவர், இரும்புக் கேட். தலைமையாசிரியை லிங்கம்பள்ளியிலிருந்து பேருந்தில் வருபவர். ஐந்து வகுப்புகளுக்கும் அவரும் இன்னொரு ஆசிரியையும் மட்டும். ஆண்டுதோறும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தனியார் பள்ளிகளின் மஞ்சள் பேருந்து ஊருக்குள்ளேயே வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. வருகிற ஆண்டும் குறைந்தால், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவோம் என்று கல்வி அதிகாரி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆகவே கணக்கெடுப்பு. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, இருவர் இருவராக வீடு வீடாகப் போனோம். என் தெலுங்கில் இருக்கும் திருநெல்வேலியைக் கேட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்களே தவிர, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள், வீட்டில் யார் யாருக்கு வேலை, இருசக்கர வண்டி உண்டா. கடைசிக் கேள்வியை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். பள்ளி இடம் மாறினால் பிள்ளையை யாரால் கொண்டுபோய் விட முடியும் என்பது அதில் தெரிந்துவிடும் என்று கருதினேன்.

பதில்களைத் தொகுத்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. அநேகமாக எல்லா வீட்டிலும் அரசுப் பள்ளிக்கே அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தத் தாள்களைத் தெருவாரியாக அடுக்கி, தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இத்தனை பேரா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தில் இருந்ததை அன்று நான் மகிழ்ச்சி என்று படித்தேன்.

கோடை விடுமுறையில் சுவர்களுக்கு வண்ணம் அடித்தோம். எழுத்துகளையும் விலங்குகளையும் வரைவித்தோம். புத்தக அலமாரி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வீட்டுப் படியேறிப் பெற்றோரிடம் பேச வேண்டிய இரண்டு மாதங்களை அலமாரிக்கும் வண்ணத்துக்கும் செலவிட்டோம். பேச வேண்டிய அவசியமே இல்லை என்று என் தாள்கள் சொல்லியிருந்தன.

ஜூனில் பள்ளி திறந்தபோது வந்தவர்கள் பதினொரு பேர்.

அதிகாரி மறுவாரம் வந்தார். கோபப்படவில்லை; அதுவே எனக்குக் கூடுதலாக உறைத்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் இருபது பேராவது வருகைப் பதிவேட்டில் இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் இணைப்புக்கு எழுதிவிடுவேன் என்றார். புதிய சுவர்களைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. மறுநாள் ரயில்வேக்காரரைக் காரை எடுக்கச் சொல்லி, ஏழு மணிக்கெல்லாம் ஊர் முகப்பில் போய் நின்றேன். மஞ்சள் பேருந்து வந்தது. வரிசையாக ஏறிய பிள்ளைகளின் வீடுகள் எனக்குத் தெரியும்; ஒவ்வொரு வீட்டுக்கும் என் கையாலேயே 'அரசுப் பள்ளி' என்று எழுதியிருந்தேன். ரயில்வேக்காரர் காரைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "ஹவ், ஆமாக்கா, நம்ம ஃபார்ம்ல இருக்கிற பசங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. பஸ்லதான் இருக்காங்க" என்றார். சிரிக்க முடியவில்லை.

பேருந்து போனபின் அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பாக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை செய்பவள். கணவர் லாரியோடு போனால் இருபது நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். மகள் மூன்றாம் வகுப்பு. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. மகன் அங்கன்வாடியை முடித்து அந்த ஆண்டு அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். நாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது போலும். வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கச் சொன்னாள். இங்கே நான் எழுதும் அவளுடைய பேச்செல்லாம் தெலுங்கில் நடந்தது.

"கழுத்துல அட்டை, கையில பேப்பர், வண்டி இருக்கான்னு வேற கேள்வி" என்றாள். "ரேஷன் கார்டை வெட்டத்தான் வந்திருக்கீங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. பஸ்ஸுக்கு ஃபீஸ் கட்டுறோம்னு யாராவது சொல்லுவாங்களா மேடம்?"

"நீ உண்மையைத்தானே சொன்னாய்?"

"எனக்கு மறைக்க என்ன இருக்கு? வண்டியும் இல்லை, பஸ்ஸுக்குக் கட்டவும் இல்லை."

கேள்விகள் பிழையில்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தவள் நான். கேட்பவள் யாராகத் தெரிகிறாள் என்பதும் கேள்வியின் ஒரு பகுதி என்பதை அறுபது வயதுக்குமேல் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. ஊரார் ஆங்கிலத்துக்காகத்தான் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அலமாரியில் பாதி ஆங்கிலப் புத்தகங்களை அடுக்கியதும் அதனால்தான். அவள் சொன்னது வேறு. ஊரில் பெரும்பாலான தாய்மார்கள் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஆறு மணிக்கு. மறுவாரம் பகல் ஷிப்ட், இரண்டு மணிக்கு. காலை ஷிப்ட் வாரத்தில் ஐந்தரைக்கு ஷேர் ஆட்டோ ஏற வேண்டும். அரசுப் பள்ளியின் கேட் திறப்பது ஒன்பதுக்குச் சற்று முன்னால், தலைமையாசிரியையின் பேருந்து வந்த பிறகு. நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? மஞ்சள் பேருந்து ஏழு மணிக்கே வந்துவிடுகிறது, ஐந்து மணிக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. "படிப்பு அங்கேயும் இங்கேயும் ஒண்ணுதான். அந்த பஸ்தான் பிள்ளையைப் பார்த்துக்குது."

காலை ஷிப்ட் வாரங்களில் அவளுடைய மகள் தம்பியை எழுப்பிக் குளிக்கவைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒன்பதுவரை காத்திருப்பாள். பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் எட்டு வயதுப் பெண் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். அதற்கு அவள் சம்மதிக்கப்போவதில்லை. "பள்ளி போச்சுன்னா நான் வேலையை விட்டுடணும். அவ்வளவுதான்" என்றாள். குரலில் முறையிடல் எதுவும் இல்லை. தேநீர் ஆறிவிடும், குடியுங்கள் என்று சொன்ன அதே குரல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஊரில் நடத்திய கூட்டங்களில் இதையெல்லாம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஞாயிறுதான் அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். எங்கள் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஆண்களும் வயதானவர்களும்தான். அவர்களும் எங்களை மரியாதையாக உட்காரவைத்து, நாங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்களிடம் பேச வேண்டுமானால் எங்கே வர வேண்டும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆட்டோவுக்கு வாங்க."

மறுநாள் பகல் ஒன்றே காலுக்கு ஏறினேன். ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஓட்டுநரைத் தவிரப் பதினொரு பெண்கள், நான் பன்னிரண்டாவது. எனக்காக ஒருத்தி இன்னொருத்தியின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். தொழிற்சாலை போய்ச் சேர அரை மணி நேரம். அந்த ஊரின் பேச்செல்லாம் அங்கேதான் நடந்தது: யாருக்குச் சம்பளம் பிடித்தார்கள், யார் மாமியார் மருத்துவமனையில், எந்தக் கடையில் எண்ணெய் கலப்படம். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள், தேநீர் கொடுத்தவள்தான் பேச்சை எடுத்தாள்.

பகல் ஷிப்ட் வாரத்தில் இருப்பவர்கள் காலையில் ஊரில்தானே இருக்கிறார்கள், அவர்களில் இரண்டிரண்டு பேர் ஆறரையிலிருந்து ஒன்பதுவரை பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால் என்ன என்றாள். காலை ஷிப்டுக்குப் போனவர்கள் மூன்று மணிக்குள் திரும்பிவிடுகிறார்கள். மாலை பள்ளி விட்டபின் ஆறுவரை அவர்கள் இருக்கட்டும். மற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். உன் பிள்ளை என் பிள்ளையை அடித்தால் யார் கேட்பது என்றாள் ஒருத்தி. பேருந்துக்குக் கட்டிவிட்டேன், இனி எப்படி நிறுத்துவது என்றாள் இன்னொருத்தி. ஊரின் விவரமெல்லாம் தெரிந்த நடுத்தர வயதுக்காரி ஒருத்தி கடைசியாக அவளை அண்ணி முறை வைத்துக் கேட்டாள்: "வதினா, காலையில பார்த்துக்க யார் இருக்கா? நாம எல்லாருமே ஒரே ஷிப்ட்தானே?"

பேசிக்கொண்டிருந்த நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதுதான் அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். பகல் ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்குத் திரும்பும்போது துணை வேண்டும் என்பதற்காக, சில ஆண்டுகளுக்கு முன் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு எல்லோரும் ஒரே அணிக்கு மாறியிருந்தார்கள். ஒரே ஆட்டோ, ஒரே ஷிப்ட். அவர்கள் போராடிப் பெற்ற ஒரே சலுகை அதுதான். காலை ஷிப்ட் வாரத்தில் காலை நேரத்தில் ஊரில் தாய்மார்களே இருப்பதில்லை. மஞ்சள் பேருந்துக்கு அந்த ஊரில் இவ்வளவு பிள்ளைகள் கிடைத்ததற்கும் அதுவே காரணம்.

பாதிப் பேர் அடுத்த அணிக்கு மாறினால் ஒவ்வொரு வாரமும் காலையில் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். எளிய கணக்கு. ஆனால் அதன்பிறகு இரவுப் பயணத்தில் பதினொரு பேர் இருக்க மாட்டார்கள். ஐந்தோ ஆறோ பேர்தான். ஆட்டோக்காரர் தலையைத் திருப்பாமலே தன் பங்கைச் சொன்னார்: பாதி வண்டிக்கு இரண்டு முறை ஓட்டினால் டீசலுக்கே சரியாகிவிடும். நான் ஏதாவது சொல்வேன் என்று சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். இரவு பத்து மணிக்கு அந்தச் சாலையில் வரப்போவது நான் இல்லை. ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை. அந்த முயற்சியில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதையும் ஒன்றாக நினைக்கிறேன்.

ரயில்வேக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது என் தொழில்க்கா. முப்பத்தஞ்சு வருஷம் இதைத்தான் செஞ்சேன். யாரை எந்த வண்டில அனுப்புறது, யாருக்கு எப்ப ரெஸ்ட்." மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் ஆட்டோக்காரரோடு உட்கார்ந்து அவர் பேசியது இரண்டு மணி நேரம். லம்பாடிக் குடியிருப்பான பக்கத்துத் தாண்டாவிலிருந்தும் அதே தொழிற்சாலைக்குப் பெண்கள் நெடுஞ்சாலைவரை நடந்துபோய் வண்டி பிடிக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். அவர்களையும் ஏற்றிக்கொண்டால் இரண்டு ஷிப்டுக்கும் வண்டி நிறையும். இரவிலும் பதினொரு பேர் இருப்பார்கள், பாதி முகம் புதிதாக இருக்கும், அவ்வளவுதான். ஆட்டோக்காரர் முதலில் நக்கோ, வேண்டாம் என்றாராம். பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாராம்.

சூப்பர்வைசரிடம் யார் முதலில் கேட்பது என்பதுதான் மிச்சம். ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் தாமாகப் போய் எதையும் கேட்பதில்லை. கேட்டவள் பெயர் அடுத்த மாதப் பட்டியலில் இல்லாமல் போகலாம். ஆட்டோவில் பேச்சை எடுத்தவளே கேட்டாள். பள்ளி மூடினாலும் வேலை போகும், கேட்டாலும் போகலாம், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று எண்ணியதாகப் பிறகு சொன்னாள். சூப்பர்வைசர் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அவள் வேலைக்குக் கால் மணி முன்னதாகவே போய் நின்றிருக்கிறாள். நான்காம் நாள் ஐந்து பேரை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். நடுத்தர வயதுக்காரி மாறவில்லை. ஆனால் மாறியவர்களின் பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி வேண்டுமா, உப்புமா வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளியின் கேட் சாவி தலைமையாசிரியையிடம் இருந்தது. நான் மனு ஒன்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, என்னோடு வந்திருந்த அவளைப் பார்த்தார். ஒன்பதுக்கு முன் ஒரு பிள்ளை விழுந்து கை ஒடிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதைத்தான் சொன்னார், மறைக்காமல்.

"என் வேலை போயிடும்மா."

"போகும் மேடம்" என்றாள் அவள். "பள்ளி மூடினா எனக்கும் போகும்."

அந்த அறையில் என் மனுவுக்கு வேலையில்லை. தலைமையாசிரியை எழுந்துபோய்ப் பள்ளிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவந்தார். பெற்றோர் தங்கள் பொறுப்பில், தாழ்வாரம்வரை மட்டும் என்று எழுதி, தாய்மார்களின் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டார். வளையத்திலிருந்து கேட் சாவியை மட்டும் கழற்றினார். வகுப்பறைச் சாவியைக் கொடுக்கவில்லை. "புத்தக அலமாரி உள்ளே இருக்கு. அதைத் தொலைச்சா இந்த மேடம் என்னை விட மாட்டாங்க" என்றார் என்னைக் காட்டி. படிவங்களைப் புரட்டிய நாளில் அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி அல்ல, எங்களை ஏமாற்றமடையச் செய்ய மனமில்லாத தயக்கம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாங்கள் செலவழித்து வரைந்திருந்த யானைக்குக் கீழே, சாக்பீஸால் கட்டம் போட்டு அவள் அட்டவணை எழுதினாள். இரண்டு அணி, ஆறு நாள், காலைக்கு இரண்டு பேர், மாலைக்கு இரண்டு பேர். ரயில்வேக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, திங்கட்கிழமை ஷிப்ட் மாறும்போது ஒருத்திக்கு ஓய்வே இல்லை என்று குறை கண்டுபிடித்தார். அவள் ஈரத் துணியால் அழித்துத் திருத்தினாள்.

முதல் நாள் காலையில் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் வர வேண்டியவள் தூங்கிவிட, பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அதைப் பார்த்த இரண்டு வீட்டார் மறுநாளே பேருந்துக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு வீட்டார்தான் பிறகு வந்தார்கள். தாண்டாவிலிருந்து நாங்கள் எதிர்பார்க்காத மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் இப்போது அதே ஆட்டோவில் போகிறவர்கள். பணம் கட்டிவிட்டோம் என்று பாதி ஊர் வரவேயில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு தாழ்வாரத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துத் தாமே எண்ணினார். இருபத்தொன்று. சுவரிலிருந்த அட்டவணையைச் சற்று நேரம் பார்த்தார். அது என்ன என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. இந்த ஆண்டு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவள் அன்று காலை ஷிப்டில் இருந்தாள். நான் ஆட்டோ வரும் இடத்தில் போய் நின்றேன். மூன்று மணிக்குச் சற்று முன் வண்டி வந்தது. பாதி பழகிய முகம், பாதி புதிது. அவள் இறங்கியதும் சொன்னேன். இதுவரை என்னை மேடம் என்றுதான் அழைத்திருந்தாள், பெரியம்மா என்றல்ல.

"இந்த வருஷம் மட்டுமா, பெத்தம்மா?"

"இந்த வருஷம் மட்டும்தான்."

தலையசைத்தாள். ஒரு வருஷம் என்பது அவளுக்கு எத்தனை சம்பளம், மகளுக்கு எத்தனை வயது என்று மனதுக்குள் ஓடியிருக்கலாம்; எனக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளியை நோக்கி நடந்தாள். நானும் கூடவே நடந்தேன். பாதி வழியில் நின்றாள். நாளைக் காலைக்கு எழுதியிருந்த இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல், வேறு யாரும் கிடைக்கவில்லை என்றாள்.

"நீங்க வந்து உட்கார முடியுமா?"

மல்காஜ்கிரியிலிருந்து ஐந்து மணிக்குள் கிளம்ப வேண்டியிருக்கும். இத்தனை வாரங்களில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வருகிறேன் என்றேன். அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை போலும், கேட்டருகே போனதும் திரும்பி இன்னொரு முறை சொன்னாள்.

"ஆறரைக்கு. ஏழு இல்லை."